குளத்துக்கு அப்புறம்தான் லஸ்

என் நைனாவுக்கு,

எழுதுவதற்காக முதலில் மன்னித்துவிடு. வீட்டுப் பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது என்று நினைக்கிற ஆள் நீ. பக்கத்து வீட்டு டிவி சத்தம் நம் வீட்டுக்குள் கேட்டால், நம் பேச்சும் அங்கே கேட்கும் என்று குரலைத் தாழ்த்திக்கொள்வாய். அப்படிப்பட்ட உனக்கு, நாலு பேர் படிக்கிற இடத்தில் கடிதம் எழுதுகிறேன். வேறு எங்கே போடுவது என்று தெரியவில்லை. உனக்கென்று இப்போது ஒரு விலாசம் இல்லை. எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தால் உனக்கும் எட்டாமல் போகாது என்று ஓர் எண்ணம், அவ்வளவுதான்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள். இஸ்திரி வண்டி அதே தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்கிறது. கரிப்பெட்டியை ஓரம் கட்டிவிட்டு கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டாள். "கரி வாசன இல்லாம துணி இஸ்திரி போட்ட மாதிரியே இல்ல" என்று தினமும் குறை சொல்கிறாள். ஆனால் இருமல் குறைந்திருக்கிறது. மெட்ரோ வேலைக்காக மந்தைவெளியில் சாலையைத் தோண்டி இரண்டு பக்கமும் தகரம் அடித்திருக்கிறார்கள். பஸ்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. உன் ஸ்டாப்பையும் தூக்கி வேறு தெருவில் வைத்துவிட்டார்கள்.

உன் ஸ்டாப் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. கல்லூரியிலிருந்து நான் வருகிற நேரத்துக்கு நீ அங்கே வந்து நிற்பாய். நிழற்குடைக்குள் இடம் இருந்தாலும் போகமாட்டாய். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில். ஒரு நாள் நல்ல மழை. தொப்பலாக நனைந்துகொண்டு நின்றாய். "உள்ள நின்னா இன்னா நைனா?" என்று கேட்டேன். "நவுந்தா நீ தேடுவ" என்றாய். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது என்ன வேலை செய்தாலும் அந்த ஒரு பதில்தான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் பெரிய செய்தி.

எனக்கு ராணுவத்தில் இடம் கிடைத்திருக்கிறது நைனா. அதிகாரிப் பயிற்சிக்கு. நீ போன பிறகுதான் விண்ணப்பித்தேன். பயிற்சி பரங்கிமலைப் பக்கம். முடியும்போது எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்பார்களாம். சிவில் இன்ஜினியரிங் படித்தவள், பொறியாளர் படையைக் கேட்கப்போகிறேன். உன்னுடைய படை. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

நீ சிரிப்பது கேட்கிறது. ஷேர் ஆட்டோவில் "அண்ணா, நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு தெரு தள்ளி இறங்கி நடந்து வருகிறவள். வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காதவள். இவளா பட்டாளத்துக்கு என்றுதானே கேட்பாய்? நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சரி என்று சொல்லவில்லை. எனக்கு வயது வந்துவிட்டது, அவள் சம்மதம் சட்டப்படி தேவையில்லை என்று என் அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். சட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவள் வாயால் "போய்ட்டு வா" என்று வராமல் எப்படிப் படி இறங்குவேன்?

பட்டாளத்தில் என்ன வேலை செய்தாய் என்று யார் கேட்டாலும் உன்னிடம் ஒரே பதில்தான். "பள்ளம் தோண்டுனேன். கம்பி கட்டுனேன்." அதற்கு மேல் ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலையைப் பற்றி எழுதச் சொன்னபோது நானும் அதையே எழுதினேன். டீச்சர் கட்டட வேலை என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. எனக்கும் வேறு ஒன்றும் தெரியாது.

நேர்காணலுக்குப் படிக்கும்போதுதான் அந்தப் பள்ளம் எதற்கு என்று தெரிந்தது. டாங்கி மூக்குக் குப்புற இறங்கி ஏறமுடியாமல் நிற்கிற ஆழத்துக்கு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெட்டிக்கொண்டே போகிற பள்ளம். அதற்கு முன்னால் சுருள் சுருளாக முள்கம்பி. கம்பிக்கு அப்பால் கண்ணிவெடிகள் புதைத்த நிலம். இதையெல்லாம் படித்துவிட்டு, இப்படி ஒரு சுவரைக் கட்டினால் எவனும் வரமுடியாது என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தத் தடையும் எதிரியை நிரந்தரமாக நிறுத்தாது என்று எழுதியிருந்தது. பள்ளத்தை மண் தள்ளி மூடிவிடலாம். கம்பியை வெட்டிவிடலாம். வெடியையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். தோண்டுகிறவர்களுக்கும் இது தெரியும்.

தெரிந்தும் ஏன் தோண்டுகிறார்கள்? நேரத்துக்காக. அதை மூடவும் வெட்டவும் எடுக்கவும் எதிரிக்கு நேரம் ஆகும். அதற்குள் பின்னால் இருக்கிறவர்கள் எழுந்து தயாராகிவிடுவார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று, கை கொப்பளிக்க நீ எல்லையோரப் பாலைவனத்தில் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்தத் தடையை யாராவது கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பார்க்க ஆள் இல்லாத தடை தடையே இல்லையாம். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கதவோரத்தில்தான் இருக்கிறது.

தடையால் எதிரியைத் திருப்பவும் செய்யலாம் என்று இருந்தது. நமக்கு வசதியான பக்கம் அவனாகவே போகிற மாதிரி அமைப்பார்களாம். அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது, மயிலாப்பூர்த் தேர் இருக்கிறதே. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாய். எல்லோரும் மேலே சாமியைப் பார்ப்பார்கள். நீ கீழே சக்கரத்தைப் பார்ப்பாய். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள். தேர் முனகிக்கொண்டே மாடவீதி முனையில் திரும்பும். "அத்தாம் பெரிய தேரு, ஒரு கட்டைக்கு எப்டி திரும்புது பாரு" என்று என் காலைத் தட்டுவாய். உன் பட்டாளக் கதையில் நீ எனக்குச் சொன்னது அது ஒன்றுதான். அதையும் கதை என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறாய்.

நேர்காணலில் ஏன் பொறியாளர் படை என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்த பதில் மறந்துபோனது. "எங்க அப்பா பள்ளம் தோண்டினார் சார்" என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "எங்கே?" என்று ஒருவர் கேட்டார். "பாலைவனத்தில்." அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு வரி இருந்தது. எவ்வளவு அடர்த்தியான தடையாக இருந்தாலும் நம் ஆட்கள் போய்வர நடுவில் ஒரு வழி விட்டுவைப்பார்கள். நாடா கட்டி அடையாளம் வைத்த ஒற்றையடிப்பாதை. எதிரி நெருங்கினால் அந்த வழியிலும் வெடி வைத்து மூடிவிட வேண்டும். அதற்கென்று வழியின் வாயில் சிலர் காத்திருப்பார்கள். படித்தபோது ரங்கநாதன் தெரு ஞாபகம் வந்தது. பட்டாளத்திலிருந்து வந்து நீ துணிக்கடையில் காவலுக்கு இருந்தபோது, தீபாவளி நெரிசலுக்கு வாசலில் கயிறு கட்டுவது உன் வேலை. எத்தனை கூட்டம் இருந்தாலும் ஓரமாக ஓர் ஆள் போகிற சந்து விட்டுக் கட்டுவாய். ஏன் என்று மேனேஜர் கேட்டால், "உள்ள போனவங்கோ வெளிய வரணும்ல சார்" என்பாய். பழக்கம் என்று நினைத்தேன். எதன் பழக்கம் என்று யூசுப் மாமா வந்தபோதுதான் தெரிந்தது.

ராயப்பேட்டையில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிற அதே யூசுப் மாமா. அவர் காலாட்படையில் இருந்தார், நீங்கள் இருவரும் எல்லையில் பழக்கம் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். உன் முதல் வருஷத் திதிக்குத் தம்ரூட் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். காக்காவுக்கு வைத்து, படையல் எடுத்து, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அம்மாவும் நானும் அவரும் மட்டும் இருந்தோம். எனக்கு இடம் கிடைத்ததைச் சொன்னேன். பட்டாளத்துக்காரர், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவார் என்ற ஆசை.

மனிதர் துள்ளிவிட்டார். "அரே! நம்ம மோகனாவா? சல்யூட் அடிக்கணுமே இனிமே!" என்று எழுந்து நின்றே அடித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தங்கச்சி, ஏன் அப்டி பாக்குற? இவ நைனா இல்லன்னா, நான் இன்னிக்கு ஒன் கையால சோறு துன்னுகினு கீறேனா?"

"இன்னா பாய் சொல்றீங்கோ?"

"அவன் சொல்லவே இல்லியா?" யூசுப் மாமா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தினி வருஷத்துலயுமா?"

இல்லை, நீ சொல்லவே இல்லை. அவர் சொன்னார். அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் நீதான் திருத்த வேண்டும்.

எல்லையில் இரண்டு பக்கமும் படை குவித்திருந்த வருஷம். நீயும் உன் ஆட்களும் போட்ட தடைகளுக்குப் பின்னால் யூசுப் மாமாவின் படை பதுங்குகுழியில் இருந்தது. சண்டை வருமா வராதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற நாட்கள். மெட்ராஸ்காரர்கள் என்று நீங்கள் ஒட்டிக்கொண்டீர்கள். பொழுது போக ஓர் ஆட்டம். ஒருவர் பஸ் போகிற தடத்தைச் சொன்னால் மற்றவர் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். தோற்றவர் மற்றவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும்.

"ஒரு நாளு தவிர ஒங்க நைனா தட்டு கழுவுனதே இல்ல பேட்டா. மந்தவெளி பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே பொறந்து வளந்த ஆளு. தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் ஸ்டாப்பு மாறாது. நான்தான் கழுவிகினே இருந்தேன்."

ஒரு நாள் யூசுப் மாமாவும் இன்னும் சிலரும் நீ காவல் நின்ற அந்த வழியாக வெளியே ரோந்து போனார்கள். மத்தியானம் திரும்புகிற நேரத்தில் மணல் புயல்.

"பட்டப்பகலு. ஆனா கைய மூஞ்சிக்கி நேரா வச்சா கை தெரியல. நாடா கீடா எல்லாம் மண்ணுல மூடிக்கிச்சி. எங்க வெடி கீது, எங்க வழி கீதுன்னு தெரில. ஒரு அடி வச்சா அவ்ளோதான். அப்டியே குந்திட்டோம்."

அதே நேரம் உனக்கு போனில் உத்தரவு வந்திருக்கிறது. அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கிறது, வழியை மூடு. நம் ஆட்கள் வெளியே இருக்கிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். கொஞ்ச நேரம் தருகிறேன், அதற்குள் வரவில்லையென்றால் மூடிவிடு என்று பதில். இதெல்லாம் பிற்பாடு உன் சுபேதார் யூசுப் மாமாவிடம் சொன்னதாம். நீ போனை வைத்துவிட்டு, மண்டியிட்டு, மண்ணுக்குள் கிடந்த நாடாவைக் கையால் தடவிக்கொண்டே அந்த வழியில் போயிருக்கிறாய். மறுமுனை வரைக்கும். எதிரி இருக்கிற பக்கத்து வாய்வரைக்கும். அங்கே போய் எழுந்து நின்றிருக்கிறாய்.

"கொரலு கேக்குது. எங்களுக்கு பயம். அவனுங்க ஆளா இருந்தா? நம்ம பாஷைலயே கூப்ட்டு இட்டுகினு போயிடுவானுங்கோ. யாரும் வாயத் தொறக்கல. காத்துல வந்து வந்து போவுது அந்தக் கொரலு. அப்பறம்தான் இன்னா சொல்றான்னு கேட்டுச்சி." யூசுப் மாமா தண்ணீர் குடித்தார். "திருவான்மியூர்... அடையாறு... மந்தவெளி... லஸ்ஸு... மயிலாப்பூர் கொளம்... ராயப்பேட்ட மணிக்கூண்டு..."

அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு சிரிப்பு வந்திச்சி தங்கச்சி. சாவற நேரத்துல சிரிப்பு. வாயெல்லாம் மண்ணு. கத்துனேன். 'யோவ்! கொளத்துக்கு அப்பறம்தான்யா லஸ்ஸு!' ஒடனே அந்தப் பக்கத்துலேந்து, 'வா மச்சி! நான் நவுர மாட்டேன். என் கொரலுக்கு நேரா, ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா வா'ன்னான். திரும்பவும் திருவான்மியூர்லேந்து ஆரம்பிச்சான். நாங்க வந்து சேர்ற வரிக்கும் எத்தினி தரம் ராயப்பேட்டக்கி போயிட்டு வந்தானோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

ஒவ்வொருவர் தோளையும் தொட்டு உள்ளே அனுப்பிவிட்டு, கடைசியாக நீ வந்தாயாம். வந்ததும் உன் கையாலேயே வழியை மூடினாயாம்.

"வண்டி வந்துச்சா மாமா?" என்று கேட்டேன்.

"வரல. அவனுக்கும் அதே மண்ணுதானே? அவனும் எங்கனா வழி தெரியாம குந்திகினு இருந்திருப்பான்."

அன்று சாப்பிட்டு முடித்ததும் யூசுப் மாமா உன்னைக் கேட்டாராம். ஸ்டாப்பை வேண்டுமென்றேதானே மாற்றிச் சொன்னாய்? பதிலுக்குக் கத்துவது தன் ஆள்தானா என்று தெரிந்துகொள்ளத்தானே? நீ அவர் தட்டை வாங்கிக்கொண்டு, "தோத்துட்டேன்ல, குடு" என்று எழுந்து போய்விட்டாயாம்.

ஏன் பதில் சொல்லவில்லை நைனா? பயத்தில் உனக்கும் ஸ்டாப் மாறிப்போனதா? உத்தரவுக்கும் மூடுவதற்கும் நடுவில் இருந்த அந்தத் துளி நேரத்தில், எந்த எதிரிக்கும் தெரிய முடியாத ஒரு சங்கேதம் உனக்கு எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்டதும் அம்மா இளகிவிடுவாள் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர். திரும்பிப் பார்த்தால் அவள் முகம் கறுத்திருந்தது.

"அந்தாளு வெளிய போயி நின்னாரா?" என்றாள். "இவள வயித்துல வச்சிகினு, தெனம் தபால்காரன பாத்துகினு நான் இங்க குந்தினு இருக்கேன். அவுரு வெடிக்கு அந்தப் பக்கம் போயி நின்னாரா?"

"எங்களுக்காவ தான..."

"நீங்கோ வந்துட்டீங்கோ பாய். சந்தோசம். வராத ஆளு வூட்ல போயி இந்தக் கதய சொல்லிப் பாருங்கோ."

யூசுப் மாமா சமாளிக்கப் பார்த்தார். "அதில்ல தங்கச்சி, மோகனா ஆபீசரு. ஆபீசருங்கோ டென்ட்டுக்குள்ள, மேப்பு வச்சிகினு..."

"இவ அந்தாளுக்குப் பொறந்தவ. டென்ட்டுக்குள்ளயா குந்துவா?"

எனக்கு அதிசயமாகத் தெரிந்தது ஒவ்வொன்றும் அவளுக்குத் திகிலாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து, இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் உன்னை அந்தப் புயலில் தேடிக்கொண்டிருந்தாள்.

யூசுப் மாமா செருப்பு மாட்டும்போது அம்மா வாசலுக்கு வந்தாள். "ஒண்ணு கேக்கணும் பாய். சண்டைதான் வரலியே, எல்லாரும் ஊருக்கு வந்துட்டாங்கோ. அவுரு மட்டும் ஏன் வரல? இவ பொறந்ததுக்குகூட வரல. கேட்டா வேலன்னாரு. சண்டையே இல்லாத எடத்துல இன்னா வேல?"

"போட்டத எடுக்கற வேல தங்கச்சி. நாங்கல்லாம் மூட்ட கட்டிகினு ரயிலேறிட்டோம். அவனுங்க அங்கயே இருந்தானுங்கோ. மண்ணு நவுந்து, வச்சது வச்ச எடத்துல இல்ல. ஒண்ணு வுட்டாலும் அந்த ஊர்க்காரன் ஏர் ஓட்டும்போது காலு பூடும். போட்டவன்தான் எடுக்கணும்."

மறுநாள் வண்டியில் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா திடீரென்று, "கையாலயா எடுப்பாங்கோ?" என்று கேட்டாள். "ஆமாம்மா, குச்சியால மெதுவா குத்திப் பாத்து, கையாலதான்." தலையசைத்தாள். பிறகு போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டாள்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது நைனா. சாவு பயம் இல்லை, அது இன்னும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. குரல் பயம். பயிற்சியில் மைதானத்தின் கடைசி ஆள்வரை கேட்கக் கத்த வேண்டும். ஷேர் ஆட்டோவை நிறுத்தமுடியாத குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதனால் காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தேன். கடலைப் பார்த்து நின்றால் முகம் யாருக்கும் தெரியாது. என்ன கத்துவது என்று யோசித்தபோது உன் ஸ்டாப்புகள்தான் வந்தன.

முதல் நாள் குரல் அலைக்கு இந்தப் பக்கமே விழுந்துவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர், "இன்னா பாப்பா, கண்டக்டர் வேலைக்கா? பஸ்ஸு இந்தத் தண்ணிக்குள்ள போவாதே!" என்றார். ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. அடுத்த நாள் வேண்டுமென்றே மாற்றிக் கத்தினேன். "மந்தைவெளி! லஸ்! குளம்!"

அவர் வலையிலிருந்து தலையே தூக்கவில்லை. "கொளம் மொதல்ல. அப்பறம்தான் லஸ்ஸு."

பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அக்கா, "இப்ப கொளமும் இல்ல, லஸ்ஸும் இல்ல. மெட்ரோ தோண்டுனதுலேந்து சுத்திக்கினுதான் போவுது. ஒனக்கு இன்னாத்துக்கு அந்தக் கவல, வேலயப் பாரு" என்று அவரை அதட்டினார்.

நான் மணலில் அப்படியே நின்றேன். முகம் தெரியாத ஒரு பெண் கடலைப் பார்த்துக் கத்துகிறாள். அவள் ஸ்டாப்பை மாற்றிச் சொன்னதை அவரால் சும்மா விடமுடியவில்லை. கையில் வேலை இருந்தாலும் திருத்திவிடுகிறார். நீ இதை அறிந்திருந்தாய். வாயெல்லாம் மண்ணாக, எந்த நேரமும் செத்துப்போகலாம் என்று உட்கார்ந்திருந்தாலும் நம் ஊர்க்காரன் இதை மட்டும் திருத்தாமல் இருக்கமாட்டான் என்று உனக்குத் தெரிந்திருந்தது. என் கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை நைனா. கிடைத்துவிட்டது.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் நான் போட வேண்டிய வெள்ளைச் சட்டை கொடியில் தொங்குகிறது. அம்மாதான் இஸ்திரி போட்டாள். கழுத்துப்பட்டை கத்தி மாதிரி நிற்கிறது. இது சம்மதமா, கையில் கிடைத்த எதையும் மடிப்பில்லாமல் விடாத அவள் பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அவளும் என் பையைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. ஒரே அறையில் சுற்றி வருகிறோம், நடுவில் எதையோ புதைத்து வைத்த மாதிரி.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளை மீறிப் போகமாட்டேன். போனால், என் பொறுப்பில் ஒரு வழி வந்தால், வெளியே போன கடைசி ஆள் உள்ளே வரும்வரை அதன் வாயில் நிற்பேன். எங்கே எதைப் போட்டாலும் திரும்பப் போய் என் கையால் எடுத்துவிட்டுத்தான் ஊருக்கு வருவேன்.

இனி, இவ்வளவு நேரமும் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அம்மா கனவை நம்புகிறவள். அவளுடைய அத்தை கனவில் வந்து பச்சைப் புடவை கேட்டார் என்று மறுநாளே வாங்கிப் படைத்தவள். உனக்காகவும் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள். "எல்லார் கனவுலயும் எல்லாரும் வராங்கோ, இந்தாளு மட்டும் வரல" என்று திதி அன்றுகூட முணுமுணுத்தாள். நீ என் கனவில் வர வேண்டாம். நாளைக்குள் ஒரு தடவை அவள் கனவில் வா. என்னை அனுப்பச் சொல்லி நீ பரிந்து பேச வேண்டாம், அது அவளுக்குப் பிடிக்காது. அந்த வழியின் வாயில் நின்றுகொண்டு ஸ்டாப்புகளை மட்டும் சொல்லு. திருவான்மியூரிலிருந்து ஆரம்பி. லஸ்ஸை முன்னால் சொல்லிக் குளத்தைப் பின்னால் சொல்லு. தூக்கத்திலேயே அவள் திருத்துவாள். கூப்பிடுவது நீதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம், மோகனா திரும்பி வருகிறவரைக்கும் நான் இங்கேயிருந்து நகரமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடு நைனா.

மந்தைவெளியில் இறங்கியதும் இன்னும் விளக்குக் கம்பத்தைத் தேடுகிற,
உன் மகள்
மோகனா